மொட்டைத் தோட்டா ஒரு பெட்டி

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. காலை நீட்ட வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரே ஒரு பெட்டித் தோட்டாவுக்காக ஏழு செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்ற வெர்னாவின் கதையைச் சொல்கிறேன். துப்பாக்கிக் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள். இதில் யாரும் யாரையும் சுடவில்லை. சுடப்பட்டதெல்லாம் ஆறு இரும்புத் தட்டுகள்தான். அவையும் விழுந்தால் மறுபடி நிமிர்த்தி வைக்கிற ரகம்.

மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் மலைப்பக்கத்தில் நடந்தது இது. ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் எட்டவே வைத்துப் பேசிய அந்தக் கெட்ட காலத்தில், முதலில் கடைகளிலிருந்து கழிப்பறைக் காகிதம் காணாமல் போனது. அது கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் தோட்டா காணாமல் போனது. அது வரவில்லை. கிடைக்காது என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. தன் துப்பாக்கிக்குப் பொருந்துமா என்றுகூடப் பார்க்காமல் கையில் அகப்பட்டதை வாங்கினார்கள். எங்கள் தெருக்கோடியில் லென்னி என்று ஒருவன், தன்னிடம் இல்லாத துப்பாக்கிக்கு எட்டுப் பெட்டித் தோட்டா வாங்கிவிட்டான். அவை வீணாகக் கூடாதே என்று அடுத்த மாதம் அந்தத் துப்பாக்கியையும் வாங்கினான். அவன் மனைவி சாப்பிட வா என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாமல் ஈஸ்டர்வரை இருந்தாள்.

வெர்னா அந்த வெறிக்காரர்களில் சேர்த்தியில்லை. அறுபத்துநான்கு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டவள். அவள் கணவர் எம்மெட் முப்பத்தொரு வருஷம் மலைச்சாலைகளில் தபால் கொண்டுபோனவர். ஏழு நாய்கள் அவரைக் கடித்திருக்கின்றன. ஆனாலும் ஓய்வு பெற்ற மறுநாளே போய் ஒரு நாயைத் தூக்கிவந்தார். அதற்குப் பட்டன் என்று பெயர். இனிமேல் கடித்தால் வீட்டுக்குள்ளேயே கடிபடலாமே என்றார்.

எம்மெட்டுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஸ்டோனி ரன் ஓடைக்கரையில் எங்கள் சுடும் சங்கம் இருக்கிறது. ஏப்ரல் முதல் சனிக்கிழமை அங்கே ஆறு இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. சுட்டால் டங்கென்று மல்லாந்து விழும். எம்மெட் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு ஏப்ரலைக்கூட விட்டதில்லை. மூத்தவள் பிறந்தது அந்தச் சனிக்கிழமையில்தான். ஆஸ்பத்திரிக்கும் ஓடைக்கரைக்கும் இரண்டு தடவை அலைந்தார், தட்டையும் விடவில்லை, பிள்ளையையும் விடவில்லை.

முந்தின நவம்பரில் அவருக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. காபிக் கோப்பையை இரண்டு கையால் பிடித்தார். டாக்டர் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் நூறு தடவை பிசைந்துகொண்டே இருக்கச் சொன்னார். எம்மெட் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உனக்குத்தான் தபால் என்று சொல்லிப் பட்டனிடம் போட்டுவிட்டார்.

ஜனவரியில் சங்கத்திலிருந்து ஏப்ரல் போட்டிக்குக் கடிதம் வந்தது. எம்மெட் அதைப் படித்துவிட்டு மடித்து உப்புக் குடுவைக்கு அடியில் வைத்தார். இந்த வருஷம் போகவில்லை என்றார். ஏன் என்றாள் வெர்னா. தோட்டா இல்லை என்றார்.

அவர் ரிவால்வரில் இரண்டு வகைத் தோட்டா போடலாம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, சுற்றளவு ஒன்று, உயரம்தான் வேறு. நெட்டையனுக்குப் பெயர் மூன்று ஐம்பத்தேழு. சுட்டால் கோவேறு கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும். குட்டையன் முப்பத்தெட்டு. அதிலும் தட்டு சுடுவதற்கென்றே முனை மொட்டையாக, வெடிமருந்து குறைவாக ஒன்று வரும். அது கையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் இருக்கும். மொட்டை எல்லாம் போன இலையுதிர் காலத்திலேயே தீர்ந்துவிட்டது, நெட்டை மட்டும்தான் பாக்கி, ஊரே பஞ்சத்தில் இருக்கும்போது போய்த் தேடவும் மனமில்லை என்றார் எம்மெட். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த நாற்காலி அப்புறம் திரும்பவில்லை.

வெர்னாவுக்கு முழங்கால் வலி, நிலவறைக்கு இறங்கி ஆறு மாதமாகிறது. அதனால் அங்கே தோட்டா வைக்கிற அலமாரியை அவள் பார்க்கவில்லை. சொன்னதை நம்பினாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த ஏப்ரலை விட்டால் இந்த மனிதர் அடுத்த ஏப்ரலுக்கும் எழுந்திருக்கமாட்டார். அதற்கடுத்த ஏப்ரலுக்குள் அந்த நாற்காலி அவரை விழுங்கிவிடும். தோட்டா இல்லை என்பதுதானே காரணம்? காரணத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா, குட்டை, மொட்டை. அவ்வளவுதான் வேண்டியது.

எங்கள் ஊரில் தோட்டா விற்கிற கடை ஹாபின் கடை ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை லாரி வரும். எட்டு மணிக்குக் கதவு திறக்கும். ஐந்தரைக்கே வரிசை ஆரம்பித்துவிடும். கல்லாவில் நடீன் இருப்பாள். கறாரான பெண். தலைக்கு ஒரு பெட்டி. அதோடு நோய்க்காலத்துக்கென்று அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். கை பட்டால் அது உங்களுடையது, எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிற வேலை கிடையாது. அவள் அப்பாவே ஒரு தடவை மீன் தூண்டில் முள்ளைத் தொட்டுவிட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

பிப்ரவரி நடுவில் முதல் செவ்வாயன்று, சர்ச்சில் ஏழைகளுக்கு உணவுப் பெட்டி கட்டப் போகிறேன் என்று எம்மெட்டிடம் சொல்லிவிட்டு வெர்னா வரிசையில் போய் நின்றாள். நாற்பது வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன மூன்றாவது பொய் அது. முதல் இரண்டும் கிறிஸ்துமஸ் பரிசு சம்பந்தப்பட்டவை.

வரிசையில் முக்கால்வாசி ஆண்கள். அவளைப் பார்த்ததும் ஆளுக்கு ஆள் உபதேசம். அம்மணி, பெண்பிள்ளை கைக்கு அடக்கமாக இதை வாங்குங்கள், அதை வாங்குங்கள் என்றார்கள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்குக் காதை மூடத் தெரியாதா? தலையைத் தலையை ஆட்டினாள். அங்கேதான் ஆர்லோவும் இருந்தார். எம்மெட்டின் சிநேகிதர், சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக ஓடைக்கரையில் எம்மெட்டிடம் தோற்று, முப்பது வருஷமாக அதற்குக் காற்றைக் காரணம் சொல்பவர். அவர் துப்பாக்கி ஒன்பது எம்.எம். வகை. அக்டோபரிலிருந்து ஒரு தோட்டா கிடைக்கவில்லை. வெர்னாவைப் பார்த்ததும் ஏனோ அவர் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் தன் மடக்கு நாற்காலியை அவளுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு, தான் சுவரில் சாய்ந்து நின்றார்.

அன்றைக்கு வெர்னாவின் முறை வருவதற்குள் பறவை சுடுகிற பெரிய தோட்டாக்கள்தான் மிச்சம். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். வந்தால் ஓர் ஆச்சரியம். அடுப்பிலிருந்து வாசனை. முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாத எம்மெட் மோர் விட்டு மாவு பிசைந்து காலை ரொட்டி சுட்டு வைத்திருந்தார். சட்டையெல்லாம் மாவு. குளிரில் வந்திருப்பாயே என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வெர்னாவுக்குக் கண் கலங்கியது. ஒரு கடி கடித்தாள், பல்லும் கலங்கியது. அப்படி ஒரு கல். அந்த ரொட்டி மாவை நாலு புரட்டுப் புரட்டி விட்டுவிட வேண்டும், போட்டுப் பிசைந்தால் கெட்டியாகிவிடும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தாள். சரி சரி என்று கேட்டுக்கொண்டார். அடுத்த செவ்வாய் இன்னும் கெட்டி. அதற்கடுத்த செவ்வாய் அதைவிடக் கெட்டி. பட்டன் ஒன்றை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்துவிட்டுத் தன் பந்தைத் தேடிப் போனது. இத்தனை வருஷம் சொன்னதைக் கேட்ட மனிதர், இந்த ஒன்றில் மட்டும் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று வெர்னாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் குழம்பில் ஊறவைத்து முழுதும் சாப்பிட்டாள்.

நான்கு வாரம் இப்படியே போயிற்று. ஒரு வாரம் முப்பத்தெட்டு வந்தது, அவளுக்கு இரண்டு ஆளுக்கு முன்னால் தீர்ந்தது. ஐந்தாவது செவ்வாயன்று வானத்திலிருந்து மழையும் பனியும் கலந்து ஊசி ஊசியாக விழுந்தது. ஆறு மணிக்கு வெர்னாவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆர்லோ அவளைத் தன் வண்டிக்குள் உட்காரவைத்து வெப்பத்தை முடுக்கிவிட்டார். குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொடுத்தார்.

"வெர்னா, நான் ஒரு அயோக்கியன்" என்றார்.

"அது ஊருக்கே தெரியும். மேல சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். ஜனவரியில் சங்கத்துக் கடிதம் வந்த மறுநாள், எம்மெட் தன் பழைய தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். பைக்குள் ஆறு பெட்டி மொட்டைத் தோட்டா. ஆறு. அந்தப் பஞ்சத்தில். அவற்றை மேஜைமேல் அடுக்கிவிட்டு நீயே வைத்துக்கொள் என்றிருக்கிறார். ஆர்லோவின் துப்பாக்கிக்கு அவை பொருந்தவே பொருந்தாது என்று எம்மெட்டுக்கும் தெரியும்.

"எல்லாரும் பாக்க துப்பாக்கி என் கையிலேர்ந்து நழுவி விழுந்துச்சுன்னா, அன்னிக்கே நான் செத்தேன்னு சொன்னான். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கையடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டான். நீ இங்க பனியில நிக்கிற, நான் வீட்டுல முந்நூறு தோட்டா மேல உக்காந்திருக்கேன். அஞ்சு வாரமா சோறு இறங்கல வெர்னா."

வெர்னா காபியைக் கீழே வைத்தாள். வரிசையில் யாரோ குடையைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டா இல்லை என்பதற்காக அவர் நாற்காலியைத் திருப்பவில்லை, பயந்துபோய்த் திருப்பியிருக்கிறார். அதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டு, தோட்டாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவளுக்குக் கோபம் வரப்பார்த்தது, வரவில்லை. பொத்திய கையில் எதையோ வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்.

"இப்பவே கொண்டாந்து தந்துடறேன்" என்றார் ஆர்லோ.

"வேண்டாம்."

"வேண்டாமா?"

"அதக் கொண்டுபோய் வச்சா நீ சொல்லிட்டேன்னு தெரிஞ்சுரும். தான் பயந்தது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுரும். அப்புறம் அந்த மனுஷன் ஜென்மத்துக்கும் துப்பாக்கியத் தொடமாட்டான். தோட்டா இல்லங்கறதுதானே அவன் சொன்னது? அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். கடையிலேர்ந்து வரட்டும். தான் தூக்கிக் குடுத்தத வேண்டாங்கலாம். பொண்டாட்டி பனியில நின்னு வாங்குனத எப்படி வேண்டாங்கறான்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து மறுபடி வரிசைக்குப் போனாள். அன்றும் கிடைக்கவில்லை. ஆறாவது வாரம் மலைச்சாலையில் மண் சரிந்து லாரியே வரவில்லை. கடைசியாக ஏழாவது செவ்வாய். சனிக்கிழமை போட்டி.

அன்று வெர்னா நாலே முக்காலுக்கே போய்விட்டாள். ஆனாலும் எட்டுப் பேர் முன்னால் நின்றார்கள். அவளுக்கு நேர் முன்னால் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த டிராவிஸ் என்ற ஆள், புதர்போல இலைப்படம் போட்ட வேட்டைச் சட்டையும் மார்புவரை தாடியும். அவனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு நர்ஸ் பெண், வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். வெர்னாவுக்குப் பின்னால் ஆர்லோ.

எட்டு மணிக்கு நடீன் வந்த சரக்கைக் கல்லாமேல் பரப்பினாள். ஒன்பது எம்.எம். பதினைந்து பெட்டி. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. முப்பத்தெட்டு நான்கே நான்கு. இரண்டு, குழிவிழுந்த முனையோடு வீட்டுக் காவலுக்கானது. மற்ற இரண்டு மொட்டை. எட்டி நின்றே வெர்னா சாம்பல் நிறப் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டாள். முன்னால் போனவர்களில் ஒருவர் விடாமல் ஒன்பதுதான் வாங்கினார்கள்.

நர்ஸ் பெண்ணின் முறை வந்தது. அவள் முதல் தடவை வாங்குகிறாள். சின்ன ரிவால்வர் ஒன்று இருக்கிறது, முப்பத்தெட்டு, எது வாங்குவது என்று தெரியவில்லை என்று நடீனைக் கேட்டாள். நடீன் வரிசையைப் பார்த்தாள். ஆண்கள் ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஐந்து பதில் சொன்னார்கள். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் வெர்னா பக்கம் திரும்பினாள். உங்களுக்குத் தெரியுமா அம்மா என்றாள்.

வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். குழி முனையைக் காட்டிவிட்டால் போதும், மொட்டை இரண்டும் அப்படியே நிற்கும். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"இதுவரைக்கும் சுட்டிருக்கியா கண்ணு?"

இல்லையாம். கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"அப்ப அந்தச் சாம்பல் பெட்டி. உதைக்காது. கை பழகட்டும், மத்தது அப்புறம்."

நர்ஸ் பெண் சாம்பல் பெட்டியைத் தொட்டாள், அது அவளுடையதாயிற்று. இன்னும் ஒன்று இருக்கிறது. டிராவிஸ் முன்னால் போனான். அவனுக்கு வேண்டியது ஒன்பது என்று காலையிலிருந்து ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவனுக்குக் கல்லாவைக் கண்டதும் கை பறந்தது. பக்கத்தில் இருந்த பெட்டியை லபக்கென்று அள்ளினான். அள்ளிய பிறகு பார்த்தான். சாம்பல் பெட்டி. கடைசி மொட்டை.

மாற்றிக்கொடு என்று கெஞ்சினான். நடீன் சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைக் காட்டினாள். என் அப்பாவுக்கே மாற்றவில்லை என்றாள்.

ஏழு வாரமும் அந்தப் பெட்டியோடு போய்விட்டது. ஆனால் சமையலறையில் உப்புத் தீர்ந்தாலும் மதியச் சாப்பாட்டை மணியடிக்கும்முன் பரிமாறியவள் அவள். ஒரு கணம்தான் நின்றாள். பிறகு முன்னால் போய், தன்னிடம் பொருந்துகிற துப்பாக்கியே இல்லாத ஒன்பது எம்.எம். பெட்டியைத் தொட்டாள். பின்னாலேயே ஆர்லோவும் ஒன்று தொட்டார். அக்டோபரிலிருந்து காத்திருந்த பெட்டி அது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வண்டிகள் நிற்கிற இடத்தில்தான் பண்டமாற்று நடக்கும். வெர்னா டிராவிஸின் வண்டிக்குப் போய்த் தன் பெட்டியைப் பின்பலகைமேல் வைத்தாள். உன்னுடையதும் என்னுடையதும், ஒன்றுக்கு ஒன்று என்றாள். டிராவிஸ் முட்டாளில்லை. கடைக்குள்ளேயே அவள் முகத்தைப் பார்த்திருந்தான். தாடியை நீவினான்.

"ரெண்டுக்கு ஒண்ணு அம்மணி. பஞ்சம்."

வெர்னா பதில் சொல்லும்முன் பலகைமேல் இன்னொரு பெட்டி வந்து உட்கார்ந்தது. ஆர்லோ வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை, ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு எடுத்தார். டிராவிஸ் இரண்டையும் வாரிக்கொண்டு, சாம்பல் பெட்டியை வெர்னாவிடம் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டே போனான்.

அப்படியானால் சனிக்கிழமை நீ எதைச் சுடுவாய் என்று வெர்னா கேட்டாள்.

"நானா? பன்றிக்கறி சாண்ட்விச் தின்னுக்கிட்டு உன் புருஷனப் பாத்துச் சிரிப்பேன். முப்பது வருஷமா அதுக்கு எனக்கு நேரமே கிடைக்கல."

வெர்னா முகமூடிக்கு மேலே அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

எம்மெட் மேஜையில் ரொட்டித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வெர்னா மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் சாம்பல் பெட்டியை அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். எம்மெட் அதை எடுத்தார். மூடியைத் திறந்து ஒரு தோட்டாவை உருவி, மொட்டை முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நெட்டையை வாங்கவில்லை, குழி முனையை வாங்கவில்லை, கைக்கு வலிக்காததாகத் தேடி வாங்கியிருக்கிறாள். அவள் தன் கையைத்தான் நினைத்திருக்கிறாள் என்று அந்த மொட்டை முனையே சொல்லிவிட்டது.

"எங்க கிடைச்சுது?"

"சர்ச்சுல."

"சர்ச்சுல பெட்டி கட்டறது வியாழக்கிழமை. முப்பத்தொரு வருஷம் அந்தச் சர்ச்சுக்குத் தபால் போட்டவன் நான்."

வெர்னா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். இரண்டாவது செவ்வாயிலிருந்து என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றாள். எம்மெட் தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா நீ நிறுத்திருவ." தோட்டாவை மேஜைமேல் நிறுத்தி வைத்துவிட்டு, "நீ நிறுத்திருவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

பிறகு வலது கையை நீட்டி மேஜைமேலிருந்த அவள் கையைப் பிடித்தார். அழுத்தினார். வெர்னாவின் மோதிரம் விரலில் பதிந்தது. நவம்பருக்கு முந்தின பிடி இல்லைதான். ஆனால் பிடி. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள், தட்டில் இருந்த ரொட்டியைப் பார்த்தாள். ஏழு வாரமாக விளங்காதது அப்போதுதான் விளங்கியது.

"டாக்டர் குடுத்த பந்த நாய்க்குக் குடுத்துட்டேன்" என்றார் எம்மெட். "திருப்பிக் கேக்க வெக்கமா இருந்துச்சு. மாவுதான் இருந்துச்சு."

மனைவி பனியில் நிற்கிற நேரமெல்லாம் அவர் நின்று மாவைப் பிசைந்திருக்கிறார். கை தேறத் தேற ரொட்டி கல்லாகியிருக்கிறது. வெர்னா சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அன்றைய ரொட்டிதான் ஏழிலும் மகா கெட்டி. அவ்வளவு ருசியாக அவள் எதையும் சாப்பிட்டதில்லையாம். அவளே என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை ஓடைக்கரையில் வெயில் அடித்தது. இருபத்திரண்டு பேர் சுட வந்திருந்தார்கள். ஆளுக்கு ஆறு சுற்று, சுற்றுக்கு ஆறு தோட்டா. எம்மெட்டின் பெயரைக் கூப்பிட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. முதல் தோட்டா மண்ணில் போயிற்று. இரண்டாவதும் மண்ணில். ரிவால்வர் வலது கையில் ஆடியது.

"தபால்காரரே, விலாசம் தப்பு" என்று ஆர்லோ சாண்ட்விச் வாயோடு சொன்னார். "தட்டு அந்தாண்ட நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எம்மெட்டும் சிரித்தார். சிரித்ததில் தோள் இறங்கியது. இடது கையை வலது கைக்கு மேல் பொத்திக்கொண்டார், மாவைப் பிடிக்கிற மாதிரி. மூன்றாவது தோட்டாவுக்கு டங் என்று ஒரு சத்தம். இரும்புத் தட்டு மல்லாந்தது. துப்பாக்கி கையிலேயே இருந்தது. வெர்னா அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

முப்பத்தாறு தோட்டாவில் பதினொரு தட்டு. முந்தின வருஷம் முப்பத்துநான்கு. எம்மெட் புகைகிற ரிவால்வரைக் கவனமாகக் காலி செய்து பலகைமேல் வைத்துவிட்டு ஆர்லோவைத் தேடிப் போனார்.

"நீ ஏன் சுடல?"

காற்று சரியில்லை என்றார் ஆர்லோ. ஓர் இலைகூட அசையவில்லை.

"உன்கிட்ட என்னோட ஆறு பெட்டி இருக்கில்ல, வண்டியில வச்சிருப்ப, எனக்குத் தெரியும். போய் எடுத்தா. என் துப்பாக்கியிலயே சுடு."

ஆர்லோ வெர்னாவைப் பார்த்தார். வெர்னா வானத்தைப் பார்த்தாள். அவர் வண்டிக்குப் போய் ஆறு பெட்டியையும் கட்டித் தூக்கிவந்தார். ஒரு பெட்டியும் உடைக்காமல், ஒவ்வொன்றின்மேலும் எம்மெட் பெயர் எழுதிய துண்டுத்தாள் ஒட்டி வைத்திருந்தார். அப்புறம் எம்மெட்டின் ரிவால்வரை வாங்கிச் சுட்டார். பத்துத் தட்டு. கடைசி இடம். வேண்டுமென்று விட்டுக்கொடுத்தாயா என்று அன்று முழுக்க எம்மெட் கேட்டுக்கொண்டே இருந்தார். துப்பாக்கி பழக்கமில்லை, காற்று வேறு என்று ஆர்லோ சத்தியம் செய்தார். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கேதான் இருந்தேன், ஆனால் எனக்கு அப்போது கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

சாம்பல் பெட்டியில் பதினான்கு தோட்டா மீந்தது. வெர்னா அதைச் சமையலறை அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நாற்காலி மேஜைப் பக்கம் திரும்பிவிட்டது. செவ்வாய்தோறும் எம்மெட் இன்னும் ரொட்டி சுடுகிறார். இப்போது ஆர்லோவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் பல்லைக் குறை சொல்லிக்கொண்டு போகிறார்.

கதை அவ்வளவுதான், செல்லங்களா. உங்கள் வீட்டில் மாவு டப்பா எந்நாளும் நிறைந்திருக்கட்டும். பனியில் உங்களுக்காக வரிசையில் நிற்க ஒருவர் இருக்கட்டும். வெறுங்கையோடு நீங்கள் திரும்பி வந்தாலும் சூடாக எதையாவது தட்டில் வைத்துக் காத்திருக்க ஒருவர் இருக்கட்டும். அது கல்லாகவே இருந்தாலும், அதைக் கடிக்கிற பல் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் விழாதிருக்கட்டும்.